பிலவேந்திரன் புரட்டிப் பார்க்காத கல்

எங்கள் கோட்டைமேட்டில் யாருடைய குரலையும் நான் அப்படியே போட்டுக் காட்டிவிடுவேன். பிலவேந்திரன் அண்ணன் குரலுக்கு மட்டும் முதலில் பயப்படத் தெரிய வேண்டும். அவர் பேச்சு உச்சத்தில் தொடங்கும், நடுவில் நிற்கும், முதுகுப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்க்கும், அப்புறம்தான் கீழே இறங்கும். சாப்பிட்டாயிற்றா என்று கேட்டால்கூட, சாட்சிக் கூண்டில் நிற்கிறவர் மாதிரி யோசித்து, "ஆச்சுங்க... ஆனா கொஞ்சந்தானுங்க" என்பார்.

கோவிலூர்ப் பக்கம் கேழ்வரகும் கொள்ளும் விதைக்கிற கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர். சின்ன வயதிலிருந்தே பயம்தான் அவருக்குச் சொத்து. புளி உலுக்கப் போனார். ஏறத் தெரிந்தது, இறங்கத் தெரியவில்லை. கிணறு வெட்டப் போனார். வெடி வைக்கப் போகிறோம் என்று மற்றவர்கள் பேச ஆரம்பித்தபோதே அவர் பக்கத்து ஊரில் இருந்தார். லாரியில் கிளீனராகச் சேர்ந்தார். தொப்பூர் கணவாயில் லாரி இறங்கும்போது கண்ணை மூடிக்கொண்டு சத்தமாக ஜெபமாலை சொல்ல, அதைக் கேட்டு டிரைவருக்கே கை நடுங்கி, சேலம் போனதும் கூலியைக் கொடுத்து பஸ் ஏற்றிவிட்டாராம். அப்புறம் மழை பொய்த்த வருடங்கள் வந்தன. மானாவாரிக் காட்டில் ஒன்றும் விளையவில்லை. யாரோ சொல்லி, யாரோ சிபாரிசு செய்து, எங்கள் ஊர்க் கோட்டைக்கு வாட்ச்மேனாக வந்து சேர்ந்தார். ஒரு கோட்டையைக் காவல் காக்க அரசாங்கத்துக்குக் கிடைத்த ஆள் இவர்.

கோட்டை என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். தகடூரைத் தலைநகராக வைத்து ஆண்டவர்கள் காலத்து மண்கோட்டை என்பார்கள். மழை கரைத்தது போக மிச்சம் ஒரு நீள மேடு, அதைச் சுற்றிக் கருவேலம் மண்டிய அகழி, உள்ளே கல்மண்டபத்தோடு ஒரு பழைய கோயில், மண்டபம் நிறைய வௌவால். வாசலில் தொல்லியல் துறை வைத்த நீலப் பலகை. சேதப்படுத்துகிறவர்களுக்குச் சிறைத்தண்டனை என்று அதில் எழுதியிருக்கும். ஊரில் அந்தப் பலகையை முழுசாகப் படித்த ஒரே ஆள் பிலவேந்திரன் அண்ணன்தான். தினமும் காலையில் கதவைத் திறக்கும் முன்னால் ஒருமுறை படிப்பார்.

யாராவது பார்க்க வந்தால் துறை ஆபீசர் சொல்லிக்கொடுத்த வரலாற்றை ஒரே மூச்சில் ஒப்பிப்பார். "இது அதியமான் ஆண்ட தகடூருங்க, அப்பறம் நொளம்பருங்க, அப்பறம் சோழருங்க, ஹொய்சளருங்க, விஜயநகரத்தாருங்க, கடைசியா திப்பு சுல்தானுங்க. அல்லாரும் போயிட்டாங்க. ஆறு மணிக்கு கேட்டு பூட்டிருவனுங்க, நீங்களும் போயிருங்க." வந்தவர்கள் சிரிப்பார்கள். அவருக்குச் சிரிப்பு வராது. இருட்டுவதற்குள் வௌவால்களுக்கு இடத்தை விட்டுவிட்டு வூட்டுக்குள் போய்விட வேண்டும் என்பது அவர் கவலை.

கோட்டை மேட்டை ஒட்டியே ஓட்டு வூடு ஒன்று கொடுத்திருந்தார்கள். வேலை நிரந்தரம் ஆகவில்லை. ஆகும் ஆகும் என்று ஆபீசர் ஒவ்வொரு தடவையும் சொல்லிவிட்டுப் போவார். வேலை போனால் வூடும் போகும், வூடு போனால் மழையில்லாத காட்டுக்குத்தான் திரும்ப வேண்டும். அந்தப் பயம் மற்ற எல்லாப் பயத்துக்கும் மேலே குந்திக்கொண்டிருந்தது.

வேலையில் சேர்ந்த நாளில் ஆபீசர் ஒன்றே ஒன்றைத்தான் அழுத்திச் சொன்னார். எழுத்தோ உருவமோ இருக்கிற எந்தக் கல்லையும் தொடக் கூடாது. பிலவேந்திரன் அண்ணன் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார்.

தப்பு நடந்தது அதற்கு அப்புறம்தான்.

வந்த புதிதில் அவர் மனைவி ராஜமேரிக்குத் துணி துவைக்கக் கல் இல்லை. அடிபம்புக்குப் பக்கத்தில் ஒரு கல் போட்டுக் கொடுங்கள் என்று நச்சரித்தார். அகழிச் சரிவில் மண்ணில் பாதி புதைந்து ஒரு பலகைக் கல் கிடந்தது. பிலவேந்திரன் அண்ணன் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். தண்ணீர் ஊற்றிக் கழுவினார். கையால் தடவினார். எழுத்து இல்லை, உருவம் இல்லை, மொட்டைக் கல். ஆனால் புரட்டிப் பார்க்கவில்லை. கல்லுக்கு அடியில் தேள் இருக்கும். தேளுக்குப் பயந்து, அடிப்பக்கம் அடியிலேயே இருக்கும்படி, உருட்டுக்கட்டை வைத்து, ஒரு ஜோடி மாட்டைப் பிடித்து அப்படியே இழுத்துக்கொண்டு வந்து பம்புக்குப் பக்கத்தில் சாய்வாகப் போட்டுவிட்டார்.

அருமையான கல். அழுக்கு தானாகப் போகும் என்பார் ராஜமேரி. கொஞ்ச நாளில் தெருப் பெண்கள் எல்லோரும் அங்கேதான் துவைத்தார்கள். ஊருக்குத் தலைவரான எங்கள் ஊர்க்கவுண்டர் சென்னப்பன் வேட்டிக்கு இணையான வெள்ளை தர்மபுரி வரைக்கும் கிடையாது. அதுவும் அந்தக் கல்லில் அடித்து, நீலம் போட்டு அலசிய வேட்டிதான்.

எண்பத்தைந்தாம் வருடம் ஐப்பசியில் நல்ல மழை. கல்லுக்கு அடியில் மண் அரித்து ஒரு பொந்து விழுந்திருந்தது. மழை விட்ட மறுநாள் ராஜமேரி துவைத்துக்கொண்டிருந்தபோது சோப்பு வழுக்கி அந்தப் பொந்துக்குள் போய்விட்டது. முழுச் சோப்பு. விட மனசில்லாமல் முழங்கை வரைக்கும் உள்ளே விட்டுத் துழாவினார். சோப்பு கிடைக்கவில்லை. விரலுக்கு முதலில் ஒரு மூக்கு கிடைத்தது. அதற்குக் கீழே மீசை. அப்புறம் ஒரு மூடிய கை.

துணியை அப்படியே போட்டுவிட்டு வூட்டுக்கு வந்தார். பிலவேந்திரன் அண்ணன் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். ராஜமேரி கதவைச் சாத்தித் தாழ் போட்டார்.

"ஏங்க," என்றார் மெதுவாக. "கல்லுக்கு அடியில யாரோ இருக்காங்க."

பிலவேந்திரன் அண்ணன் கஞ்சியைக் கீழே வைத்தார். யாரு என்று கேட்கவே அவருக்குப் பயமாக இருந்தது. வெகுநேரம் கழித்து, சவரம் செய்கிற கண்ணாடியை எடுத்துக்கொண்டு போனார். கையை உள்ளே விடுகிற ஆள் அவர் இல்லை. குப்புறப் படுத்து, கண்ணாடியை ஒரு குச்சியில் கட்டிப் பொந்துக்குள் நீட்டினார். கண்ணாடிக்குள்ளிருந்து ஒரு கண் அவரைப் பார்த்தது. குச்சியை நகர்த்தினார். ஓங்கிய வாள். மார்பிலும் தொடையிலும் குத்தி நின்ற அம்புகள். தலைக்கு மேலே வரிசையாக எழுத்து.

எழுந்து உட்கார்ந்தார். எழுத்தும் இருக்கிறது, உருவமும் இருக்கிறது. ஆபீசர் சொன்ன இரண்டும் ஒரே கல்லில். அது மட்டும் என்றால் ஜெயிலோடு போகும். எங்கள் பக்கத்தில் இப்படி வாளும் வில்லுமாக நிற்கிற பழைய கல்லையெல்லாம் வேடியப்பன் என்று கும்பிடுவார்கள். பொங்கல் வைப்பார்கள், சேவல் அறுப்பார்கள். நின்றால் சாமி, குப்புறக் கிடந்தால் கல், அவ்வளவுதான் வித்தியாசம். இத்தனை வருடமாக ஒரு வேடியப்பனின் முதுகில் ஊர்ப் பாவாடையெல்லாம் அடித்துத் துவைக்க, கல் இழுத்துப் போட்டுக் கொடுத்தது யார்? வேதக்காரன் ஒருத்தன். கேட்டால் ஊர் என்ன செய்யும் என்பது ஒரு பயம். ஞாயிற்றுக்கிழமை பூசையில் சாமியார் முகத்தை எப்படிப் பார்ப்பது என்பது அதற்கும் அடுத்த பயம்.

போதாக்குறைக்கு ஆபீசர் அந்த வாரம் வருவதாகச் சொல்லியிருந்தார்.

புருஷனும் பெண்சாதியும் யோசித்து ஒரு முடிவுக்கு வந்தார்கள். கல்லை எடுத்த இடத்திலேயே கொண்டுபோய்ப் போட்டுவிடுவது. ஆபீசர் வருவதற்கு முதல் நாள் பாப்பாரப்பட்டிச் சந்தை. ஊரே போய்விடும். பட்டப்பகலில் தெருவில் நாய்கூட இருக்காது. இருட்டில் செய்யலாமே என்று கேட்பீர்கள். இருட்டில் அந்தக் கல்லோடு தனியாக நிற்க இரண்டு பேருக்கும் தைரியம் இல்லை.

சந்தை பஸ் போன சத்தம் அடங்கியதும் கடப்பாரையோடு போனார்கள். நெம்பினார்கள். சாய்வாகக் கிடந்த கல் என்பதால் தலைப்பக்கம் எழுந்தது. இன்னும் நெம்ப, எழுந்து நின்றேவிட்டது. பக்கத்துப் புங்கமரத்தில் சாய்ந்து, ஈர மண் சொட்டச் சொட்ட, அம்பு தைத்த ஆள் வாளை ஓங்கிக்கொண்டு அவர்களைப் பார்த்தான். ராஜமேரி சிலுவை போட்டுக்கொண்டார். பிலவேந்திரன் அண்ணனும் போட்டுக்கொண்டு, என்ன தோன்றியதோ, கல்லைப் பார்த்து ஒரு கும்பிடும் போட்டார்.

உருட்டுக்கட்டையும் வடக்கயிறும் வூட்டுக்குப் பின்னால் இருந்தன. ஒருவர் போனால் போதும். ஆனால் அந்த ஆளோடு தனியாக நிற்க மாட்டேன் என்று ராஜமேரி சொல்லிவிட்டார். தனியாகப் போய்வர அண்ணனுக்கும் மனசில்லை. ஆகவே இரண்டு பேரும் போனார்கள், இரண்டு பேரும் திரும்பினார்கள்.

திரும்பி வந்தபோது கல்லின் முகம் மஞ்சளாக இருந்தது.

நெற்றியில் குங்குமம். காலடியில் வேப்பிலைக் கொத்து. சுற்றுமுற்றும் ஒரு ஆள் இல்லை. காற்றுகூட இல்லை. பம்பிலிருந்து மட்டும் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. பிலவேந்திரன் அண்ணன் தோளிலிருந்த கட்டை கீழே விழுந்தது. கல் தானாக மஞ்சள் பூசிக்கொண்டதாகவே அவர் நினைத்தார். அப்புறம் பல வருடம் கழித்து என்னிடம் சொன்னபோதும், அந்த இடம் வந்ததும் குரல் போய்விட்டது. வெறும் உதடுதான் அசைந்தது. அதை என்னால் இன்றுவரை சரியாகப் போட்டுக்காட்ட முடியவில்லை.

மஞ்சள் வைத்துவிட்டால் அசைக்கக் கூடாது. அது எங்கள் ஊரில் பச்சைக் குழந்தைக்கும் தெரியும். கயிற்றைச் சுருட்டிக்கொண்டு வூட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தினார்கள்.

சந்தை முடிந்து பஸ் வந்தது. கொஞ்ச நேரத்தில் வெளியே சத்தம். வேடியப்பன் எழுந்திருச்சிட்டாரு என்று யாரோ சொல்ல, ஊரே புங்கமரத்தடியில் கூடிவிட்டது. சந்தையில் வாங்கிவந்த தேங்காயை அங்கேயே உடைத்தார்கள். சென்னப்பன் மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு விழுந்து கும்பிட்டார். அவர் குரல் வறண்ட பம்பு மாதிரி, கொஞ்ச நேரம் காற்றுதான் வரும். இந்த மழையே வேடியப்பன் எழுந்திருக்கத்தான் பெய்தது என்று அவர் சொல்லிமுடிக்க நேரமாயிற்று.

பிலவேந்திரன் அண்ணன் ஜன்னல் இடுக்கில் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு ஒன்று உறைத்தது. துவைக்கிற கல் எங்கே போயிற்று என்று ஒரு பெண்ணும் கேட்கவில்லை. தினமும் துவைக்கிறவர்கள், வெற்றிடம் கண்ணெதிரே கிடக்கிறது, யாரும் அந்தப் பக்கமே பார்க்கவில்லை. எல்லாம் தெரிந்துவிட்டது, நாளைக்குச் சேர்த்து வைத்துக் கேட்கப் போகிறார்கள் என்று முடிவு செய்துகொண்டார். ராத்திரி ராஜமேரி பாத்திரங்களை மூட்டை கட்டி வைத்தார்.

மறுநாள் காலையிலேயே ஜீப் வந்துவிட்டது. ஆபீசர் மெட்ராஸ்காரர். மூக்கடைத்த பஸ் கண்டக்டர் மாதிரி பேசுவார். இறங்கியதும் கூட்டத்தைப் பார்த்தார், கல்லைப் பார்த்தார், செருப்பைக் கழற்றிவிட்டு ஓடினார். மஞ்சளை ஈரத்துணியால் துடைக்கப் போனவரை நாலு பேர் பிடித்துக்கொண்டார்கள். சரி என்று கிட்டே குனிந்து, தலைக்கு மேலே இருந்த வட்டெழுத்தை விரல் வைத்து எழுத்தெழுத்தாகப் படித்தார். ஊரே வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது.

பேர் தேய்ந்துவிட்டது என்றார். இன்ன ராஜா காலத்தில் என்ற இடமும் பொரிந்துபோயிருந்தது. மிச்சம் படிக்க முடிந்தது இதுதான், எதிரிகள் ஊர் மாடுகளை ஓட்டிக்கொண்டு போனார்கள், இவன் போய் மாடுகளை மீட்டான், அங்கேயே செத்தான். தகடூர்ச் சீமையில் ராஜாக்களுக்குக்கூட இத்தனை கல் இல்லை, மாடு மீட்கப் போனவர்களுக்குத்தான் இருக்கிறது என்று தன்பாட்டில் சொல்லிக்கொண்டார். அப்புறம் நிமிர்ந்து, இந்தக் கல் தர்மபுரி மியூசியத்துக்குப் போக வேண்டும் என்றார்.

கூட்டம் ஒரு அடி முன்னால் வந்தது. சென்னப்பன் முடியாது என்று சொன்னார். ஆபீசர் சட்டம் பேசினார். பேசிக்கொண்டே கல்லைச் சுற்றிப் பின்பக்கம் போனவர் அங்கேயே நின்றுவிட்டார். பின்பக்கம் கண்ணாடி மாதிரி வழவழப்பு. நடுவில் தேய்ந்து லேசான குழி. குழி முழுக்க நீலம் பாரித்திருந்தது.

"இது எங்கே கிடந்துச்சு? யார் இதுல சோப்பு போட்டுத் தேய்ச்சது? இப்பவே சொல்லிடுங்க. நான் போலீசுக்குச் சொன்னா விஷயம் வேற மாதிரி ஆயிடும்."

பிலவேந்திரன் அண்ணன் கூட்டத்துக்குப் பின்னால் பம்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கம்மென்று இருந்தால் தப்பித்துவிடலாம். எத்தனையோ தடவை அப்படித் தப்பித்தவர்தான். அப்போதுதான் பக்கத்து வூட்டுக் கோவிந்தம்மாளைப் பார்த்தார். தெருவில் யார் சண்டைக்கு வந்தாலும் விரட்டி விரட்டி அடிக்கிற வாய் அது. அந்தக் கோவிந்தம்மாள் முன்வரிசையில் நின்று முந்தானையைக் கையில் சுருட்டிச் சுருட்டி அவிழ்த்துக்கொண்டிருந்தார். நகக்கண் எல்லாம் மஞ்சள்.

அப்படியென்றால் சந்தைக்குப் போகாமல் ஊரில் இருந்தது இவர்தான், கல்லுக்கு மஞ்சள் பூசியதும் இவர்தான். தானாக வந்தது இல்லை.

பயத்தில் பிலவேந்திரன் அண்ணனுக்கு மிஞ்சிய கைகாரர் கிடையாது. அடுத்தவர் பயத்தைப் பார்த்தால் எவ்வளவு ஆழம் என்று அவரால் சொல்லிவிட முடியும். தான் பம்புக் கம்பியைப் பிடித்திருக்கிற மாதிரியே அந்தக் கை முந்தானையைப் பிடித்திருப்பதைப் பார்த்தார். அப்புறம் நடந்ததை அவராலேயே விளக்க முடியாது. கால் தானாக முன்னால் போயிற்று.

"நாந்தானுங்க சார்," என்றார். குரல் உச்சத்தில் தொடங்கியது. நடுவில் நின்றது. ஆனால் அன்றைக்குத் திரும்பிப் பார்க்கவில்லை. "அகழியில கெடந்துச்சுங்க. மேல பாத்தேன், ஒண்ணுமில்ல. அடியில தேளு இருக்கும்னு பொரட்டல. தொவைக்கிறதுக்கு இழுத்தாந்து போட்டது நாந்தானுங்க."

சென்னப்பன் மெல்லத் திரும்பினார். பிலவேந்திரன் அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார்.

"போட்டது அவுரு," என்றார் கோவிந்தம்மாள். "தொவைச்சது நாங்கங்க. நேத்து எந்திரிச்சி நிக்கறதப் பாத்தேன். அய்யோ இத்தினி நாளா இவுரு முதுகுலயா தொவைச்சோம்னு ஈரக்கொலை நடுங்கிப்போச்சு. ஓடிப்போயி மஞ்சளக் கொண்டாந்து பூசிட்டு வூட்டுக்குள்ள பூந்துக்கிட்டேன்."

பின்னாலிருந்து ஒரு பெண் நானும் துவைத்தேன் என்றாள். இன்னொருத்தி. அப்புறம் யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை, எல்லாப் பெண்களும் தலையைக் குனிந்துகொண்டிருந்தார்கள். முந்தின நாள் ஒருத்தியும் வெற்றிடத்தைப் பார்க்காதது கோபத்தில் இல்லை, தாங்களும் அதில் துவைத்த பயத்தில்.

சென்னப்பன் வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது. குனிந்து தன் வேட்டியைப் பார்த்தார். வெயிலில் கண் கூசுகிற வெள்ளை. கரையோரம் லேசான நீலம். கல்லின் முதுகைப் பார்த்தார். மறுபடி வேட்டியைப் பார்த்தார்.

"ஏம்ப்பா வாட்ச்மேனு," என்றார் கடைசியில். "ஒரு தடவ பொரட்டிப் பாத்திருக்கக் கூடாதா?"

அவ்வளவுதான் கேட்டார். அதற்கு மேல் கேட்க அந்த வேட்டியோடு அவரால் முடியவில்லை. ஆபீசர் பக்கம் திரும்பி, கல் இங்கேயே இருக்கட்டும், இனி ஒரு துணி அதன் பக்கம் போகாது, அதற்கு ஊர் பொறுப்பு என்றார். ஆபீசர் கூட்டத்தைப் பார்த்தார். தனக்கும் ஜீப்புக்கும் நடுவில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று பார்த்தார். மேலே எழுதிக் கேட்கிறேன், அதுவரை இருக்கட்டும் என்றார். நெற்றி வேர்வையைத் துடைத்துத் துடைத்து அவர் கைக்குட்டையும் நனைந்துதான் இருந்தது.

கூட்டம் கலைந்ததும் பிலவேந்திரன் அண்ணனைத் தனியே கூப்பிட்டார். வேலை போகப் போகிறது என்று அண்ணன் சாவிக்கொத்தை எடுத்துக் கையில் தயாராக வைத்துக்கொண்டார். அதற்கு முன்னால் ஒன்று கேட்க வேண்டும் போல இருந்ததாம்.

"சார், அந்த ஆளு மாட்ட மீக்கப் போனாருல்லங்க. அப்ப அவுரு பயந்தாருங்களா?"

ஆபீசர் மூக்கைச் சிந்தினார். "அதெல்லாம் கல்லுல எழுத மாட்டாங்கய்யா," என்றார். சாவிக்கொத்தைப் பார்த்தார். "அத உள்ள வை. புதுசா ஒருத்தனப் போட்டா அவன் எந்தக் கல்ல எங்க இழுத்துப் போடுவானோ. நீ இனிமே செத்தாலும் எதையும் தொட மாட்ட. நீயே இரு."

ராஜமேரி மூட்டையை அவிழ்த்தார். அடுத்த வருடம் வேலை நிரந்தரம் ஆயிற்று. அது உண்மைதானா என்று தர்மபுரிக்குப் போய் இரண்டு தடவை விசாரித்துவிட்டு வந்தார் பிலவேந்திரன் அண்ணன். கல் புங்கமரத்தடியிலேயே நிற்கிறது. அதைக் கடக்கும்போது அவர் நின்று, பாதி சிலுவையும் பாதிக் கும்பிடுமாக என்னவோ செய்வார். எது முன்னால் எது பின்னால் என்று நானும் பார்க்கிறேன், பிடிபடவில்லை.

துவைப்பதற்கு ஊரே சேர்ந்து சிமெண்டுத் திட்டு ஒன்று கட்டிக்கொண்டது. மணல் சலித்ததிலிருந்து பலகை அடித்தது வரைக்கும் கூட நின்றவர் அவர்தான். அடியில் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை. இருந்தாலும் மழை பெய்து ஓரத்தில் மண் அரித்தால், மறுநாள் காலையில் குச்சியில் கட்டிய கண்ணாடியோடு வந்து குப்புறப் படுத்துக்கொள்கிறார். அவர் எழுந்து சரி என்று சொல்கிறவரைக்கும், கோவிந்தம்மாள் உட்பட, ஒரு பெண்ணும் துணியை நனைப்பதில்லை.